வெடிக்குழாய்க்குப் போன விண்ணப்பங்கள்

தீபாவளிக்கு மறுநாள் வாசலைக் கூட்ட எனக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆகும். வெடித்துச் சிதறிய காகிதத் துணுக்குகளைக் குனிந்து பொறுக்கி, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு படித்துப் பார்ப்பேன். ஒன்றில் ஏழாம் வகுப்புக் கணக்கு இருக்கும். இன்னொன்றில் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ. "அத்தே, குப்பையில என்னத்தத் தேடுறீக?" என்று கேட்டுக் கேட்டு என் மருமகள் அலுத்துப்போய்விட்டாள். என் பழைய அலுவலகத்தின் முத்திரை ஏதாவது துணுக்கில் தெரிகிறதா என்றுதான் தேடுகிறேன். இதுவரை அகப்படவில்லை. அகப்பட்டுவிடக் கூடாதே என்பதற்காகத்தான் தேடுவதே.

போன மாதம், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன் செய்தாள். தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கச் சட்டம் வந்திருக்கிறதல்லவா, அதற்கு அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்களாம். "அக்கா, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பாஸ்வேர்டு, கம்ப்யூட்டர்னே பேசினாக. காகிதத்தப் பத்தி ஒரு வார்த்தை வரல. நம்ம பதிவறை நெறைய காகிதம்தான கெடக்கு? நீங்க அந்தக் குழாய் விவகாரத்த எழுதிக் குடுங்க. எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். என் வண்டவாளத்தை நானே எழுத வேண்டுமாம். எழுதுகிறேன்.

எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். இல்லாதப்பட்டவர்களுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கிற அலுவலகம், விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது, அவ்வளவு போதும். மல்லாங்கிணற்றிலிருந்து தட்டச்சுத் தேர்வு எழுதித் தேறி, பதிவறை எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். முதல் மூன்று ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது தும்முவது மட்டும்தான். தூசியென்றால் அப்படி ஒரு தூசி.

பதிவறையில் கோப்புகளுக்கு ஆயுள் உண்டு. இந்தக் கோப்பு மூன்று ஆண்டு, அது பத்து ஆண்டு, இன்னொன்று நிரந்தரம் என்று பிரித்து வைத்திருப்போம். ஆயுள் முடிந்ததைப் பட்டியல் எழுதி, அலுவலரிடம் கையெழுத்து வாங்கி, கிழித்து அழிக்க வேண்டும். விதி அப்படி. ஆனால் எங்கள் பக்கத்தில் காகிதத்தை யாரும் எரிக்கவும் மாட்டார்கள், கிழிக்கவும் மாட்டார்கள். பட்டாசுக்கு மருந்து அடைக்கிற வெடிக்குழாயின் உள்சுற்றுக்குப் பழைய காகிதம் வேண்டும். முழுத்தாளாக இருந்தால்தான் உருட்ட வரும். கிழிந்தது ஆகாது. அதனால் பழைய பேப்பர் வியாபாரி வருவதற்கு முன்னால், நான் தாள்களை அளவு பார்த்து அடுக்கி, மூலை மடங்கியதை நீவிவிட்டு, சணல் போட்டுக் கட்டி வைப்பேன். முக்கியமாக, ஒரு குண்டூசி, ஒரு ஸ்டேப்ளர் பின் விடாமல் பிடுங்கிவிடுவேன். இரும்புத்துண்டு ஒன்று வெடிமருந்தோடு உரசினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நான் பிடுங்காமல் விட்ட ஒரு குண்டூசியால் யாருடைய உயிரும் போய்விடக் கூடாது என்று அத்தனை கவனம். "உங்க ஆபீஸ் கட்டு மாதிரி எந்த ஆபீசுலயும் வராதுக்கா" என்பார் வியாபாரி. எனக்குப் பெருமை தாங்காது.

பின்னைப் பிடுங்கினேனே தவிர, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

நான் ஐம்பதைத் தாண்டிய பிறகு எங்களுக்கு ஒரு புது அலுவலர் மாற்றலாகி வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒல்லியான ஆள், சத்தமே வராது. வந்த முதல் நாளே அவருக்கு அலுவலகத்தில் 'கவுத்து சார்' என்று பெயர் வைத்துவிட்டோம். யார் அறைக்குள் வந்தாலும், மேசையில் இருக்கும் தாளை இடது கையால் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் நிமிர்ந்து பார்ப்பார். தேநீர் கொண்டுவருபவர் வந்தாலும் அப்படித்தான், மாவட்டத்தின் பெரிய அதிகாரி வந்தாலும் அப்படித்தான். "அப்படி என்ன ராசாங்க ரகசியம் வச்சிருக்காரு, லவ் லெட்டரா?" என்று கேட்டு நான்தான் முதலில் சிரித்தேன்.

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் சன்னலில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். கூட்டம் நிற்கும். நான் உள்ளிருந்து, "டி.பி. கேசு யாரு? முன்னால வாங்க! புருஷன் விட்டுட்டுப் போனது யாரு? அந்தப் பக்கம் நில்லுங்க!" என்று கூவுவேன். சீக்கிரம் வேலை முடிய வேண்டுமே என்ற நினைப்புதான். அந்தப் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு முன்னால் வருவார்கள். வெயிலுக்கு மூடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் இப்படிக் கூவுவதைக் கேட்ட அவர், என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. மறுநாள் சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அவரே உட்கார்ந்தார். வந்தவர்களுக்கு எண் எழுதிய அட்டை கொடுத்தார். விண்ணப்பத்தை வாங்கி, காரணம் எழுதியிருக்கும் கட்டத்தைப் பென்சில் நுனியால் தொட்டு, "இதுதானேம்மா?" என்றார். அந்தம்மா தலையை ஆட்டினால் போதும். நோயின் பெயர் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. இரண்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்துவிட்டு, பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குக் கூவுவதை விட்டேன். ஆனால் பழைய கட்டுகளைப் பற்றி அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் நீட்டிய அழிப்புப் பட்டியலில் அவர் கையெழுத்துப் போட்டார், நான் கட்டி அனுப்பினேன்.

அடுத்த பட்டாசு சீசனில் ஒரு திங்கட்கிழமை, ஒரு பெண் நேராகப் பதிவறைக்குள் வந்து என் மேசையில் ஒரு தாளை அறைந்தாள். அவளைப் பொன்னுத்தாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துக் கிராமம், பட்டாசுக் கம்பெனியில் வேலை. தாளின் மேல்மூலையில் அவளுடைய புகைப்படம். நடுவில் டாக்டர் சான்று. காசநோய், ஆறு மாத சிகிச்சை. கீழே எங்கள் முத்திரை. பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சைக் காலத்து உதவிக்காக அவள் கொடுத்த விண்ணப்பம் அது. பின் பிடுங்கிய இரண்டு துளைகள் சுத்தமாகத் தெரிந்தன. என் கைவேலைதான்.

"இது எங்கன இருந்துச்சு தெரியுமா மேடம்? குருவம்மா வீட்டுல. குழாய் உருட்ட வாங்கின கட்டுல. நானும் அவளும் ஒரே வேன்லதான் வேலைக்குப் போறோம். இத வேன்ல வச்சுக் காட்டிட்டா. எனக்கு அந்தச் சீக்கு வந்ததும் யாருக்கும் தெரியாது, போனதும் தெரியாது, எங்க வீட்டு ஆளுக்கும் எனக்கும் தவிர. மாத்திரைய அரிசிப் பானைக்குள்ள வச்சுத் தின்னேன் மேடம். இப்ப வேன்ல எனக்கு இந்தப் பக்கம் ரெண்டு சீட்டு காலி, அந்தப் பக்கம் ரெண்டு சீட்டு காலி. ஃபோர்மேன், 'கொஞ்ச நாள் வீட்ல இருந்துட்டு வாத்தா'ங்கிறாரு. சீசன்ல வீட்ல இருந்தா வருஷம் பூரா என்னத்தத் திங்க?"

அவளை அழைத்துக்கொண்டு அலுவலர் அறைக்குப் போனேன். அவர் தாளை ஒரு முறை பார்த்தார். கவிழ்த்து வைத்தார். "இது எங்க தப்பும்மா. பட்டியல்ல என் கையெழுத்து இருக்கு" என்றார்.

"உங்க தப்புன்னு நீங்க சொன்னா எனக்கு வேலை வந்துருமா? இத யாருட்டச் சொல்லணும்? அதச் சொல்லுங்க" என்று கேட்டாள் பொன்னுத்தாய்.

அதற்கு ஒரு வழி அவருக்குத் தோன்றியது. சட்டமன்றம் கூடாத நாட்களில் உறுப்பினர்கள் குழுவாக மாவட்டங்களுக்கு வந்து, அலுவலகங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பார்கள், மனுக்களையும் விசாரிப்பார்கள். குழு வருகிறதென்றால் நாங்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், முந்திரிப்பருப்பு வாங்கி வைப்போம், சாமியைக் கும்பிட்டுக்கொள்வோம். அப்படி ஒரு குழு பதினைந்து நாளில் வருவதாக இருந்தது. "அவங்ககிட்ட மனு கொடுங்க. எங்க மேலதான் கொடுக்கணும். எழுத வருமா?" என்று கேட்டார். அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அவர் என்னைப் பார்த்தார். தன் மீதும் என் மீதும் புகாரை அவர் வரிவரியாகச் சொல்ல, என் கையாலேயே நான் எழுதினேன். 'கவனக்குறைவாக' என்று எழுதினேன். "அது போதாது, 'விதிக்கு மாறாக'ன்னு எழுதுங்க" என்றார்.

மனு போய்விட்டது. ஆனால் குழு வருகிறவரைக்கும் அவள் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? மூன்றாம் நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து அவள் ஊருக்குப் போனேன். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வேனில் ஏற்றி, நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினைந்து பெண்கள் எங்களைப் பார்த்தார்கள். அவளுடைய தூக்குவாளித் தண்ணீரை வாங்கி வாய் வைத்துக் குடித்தேன். பிறகு எழுந்து, ஓடுகிற வேனில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினேன்.

"தாயிகளா, அந்தக் காகிதத்த வித்தது நான்தான். இவளுக்குச் சீக்கு போயி வருஷமாச்சு. போகாம இருந்தாலும் அதச் சொல்லுற உரிமை இவளுக்குத்தான், எனக்கில்ல. என்னையத் திட்டணும்னா திட்டுங்க."

பின் இருக்கையிலிருந்து குருவம்மா கேட்டாள்.

"மேடம், பெத்தப்ப உதவிக்கு எழுதிக் குடுத்தோம். வேற வேற விசயத்துக்கும் எழுதிக் குடுத்தோம். அதெல்லாம் எங்கன இருக்கு?"

"அந்தக் கட்டுலதான் இருந்துச்சு."

"இப்ப?"

"தெரியல தாயி."

குருவம்மாவின் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும், சன்னலில் வாங்கியவள் நான்தானே. இங்கே எழுத மாட்டேன். வேனில் இருந்த ஒவ்வொருத்தியும் என்றைக்கோ எங்கள் சன்னலுக்கு வந்தவள்தான். ஒவ்வொருத்தி முகமும் ஒவ்வொரு மாதிரி வெளுத்தது. குருவம்மா எழுந்து வந்தாள். பொன்னுத்தாய்க்குப் பக்கத்தில் நின்று, "தள்ளி உக்காருத்தா" என்றாள். "நான் செஞ்சது பெரிய பாவம். உன் காகிதத்தப் படிச்ச வாய் இது."

"படிச்சது கண்ணு. சொன்னதுதான் வாய்" என்றாள் பொன்னுத்தாய். நல்ல கோபம் அவளுக்கு. ஆனாலும் தள்ளி உட்கார்ந்தாள்.

கம்பெனி வாசலில் ஃபோர்மேன் அவளை நிறுத்தினார். டாக்டர் சீட்டு இருந்தால் காட்டச் சொன்னார். "எதுக்குக் காட்டணும்? ஒரு தடவ காட்டினதே ஊர் சுத்துது" என்றாள் பொன்னுத்தாய். குருவம்மா முன்னால் வந்து, "அவ உள்ள வந்தா நாங்களும் வாரோம்ணே. இல்லாட்டி வேனத் திருப்பச் சொல்லுங்க. லோடு நாளைக்குப் போகணும்னு நேத்துச் சொன்னீகளே?" என்றாள். ஃபோர்மேன் தலையைச் சொறிந்துகொண்டு வழிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேன் டிரைவர்தான் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்கள் குழாய் உருட்டுகிற வீடுகளுக்கெல்லாம் போயிருக்கிறார்கள். விஸ்வநத்தம் வரைக்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உருட்டாமல் மிச்சமிருந்த தாள்களில் எங்கள் முத்திரை இருந்ததையெல்லாம் பொறுக்கி, மறுநாள் இரண்டு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நான் சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு தாள் பாக்கியில்லாமல் எல்லாம் கவிழ்த்து அடுக்கியிருந்தது. "முத்திரைய மட்டும் பாத்தோம் மேடம். சத்தியமாப் படிக்கல" என்றாள் குருவம்மா. கவுத்து சார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

குழு வந்தது. பெரிய கூட்ட அரங்கு. எல்லாத் துறை அதிகாரிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் நிருபர்கள் கேமராவோடு நின்றார்கள். எங்கள் மனுவின் முறை வந்தது. குழுத் தலைவர் வயதானவர், நல்லவராகத்தான் தெரிந்தார். சுருக்கமாகப் படித்துவிட்டு, "அநியாயமா இருக்கே! யாரும்மா அது? வந்திருக்காங்களா? பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, எல்லாரும் கேட்கட்டும்" என்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, நான் சன்னலில் கூவியபோது எனக்கு இல்லாத மாதிரிதான். கதவோரம் பொன்னுத்தாய் முந்தானையை முகத்துக்கு இழுப்பதைப் பார்த்தேன்.

எங்கள் அலுவலர் எழுந்தார். "ஐயா, மனு உங்க கையில இருக்கு. பேரும் அதுல இருக்கு. அதை இங்க நான் சொன்னா, செஞ்ச தப்பையே ரெண்டாவது தடவை செஞ்சவனாயிருவேன்."

இன்னொரு உறுப்பினருக்குக் கோபம் வந்துவிட்டது. "சட்டமன்றக் குழு கேட்குது. அதுக்கே சொல்ல மாட்டீங்களா?"

"குழுவுக்குச் சொல்றேன் ஐயா. அரங்கத்துக்குச் சொல்ல மாட்டேன்."

ஆத்தாடி, போச்சு என்று நினைத்தேன். சத்தம் வராத மனுசன் இத்தனை பேருக்கு நடுவில் இப்படிப் பேசுகிறாரே, இவரை இன்றைக்கே தூக்கிவிடுவார்களே. தலைவர் அவரையே பார்த்தார். பிறகு கையிலிருந்த மனுவைப் பார்த்தார். அதை மெதுவாக மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "நீங்க சொல்றது சரி. நான்தான் யோசிக்கல" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். பக்கத்து அறையில் தனியாக விசாரிக்க ஏற்பாடாயிற்று. கேமராக்காரர்கள் வெளியில் நின்றார்கள்.

உள்ளே என்னையும் கூப்பிட்டார்கள். "பின்னையெல்லாம் பிடுங்கத் தெரிஞ்சவங்களுக்கு, தாளைக் கிழிக்கணும்னு தெரியலையா?" என்று கேட்டார் தலைவர். "கிழிச்சா குழாய்க்கு ஆகாதுங்கய்யா" என்றேன். வேறு என்ன சொல்வது, உண்மை அதுதானே. ஓர் உறுப்பினர் சிரிக்க ஆரம்பித்து, பொன்னுத்தாயைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பெண் உறுப்பினர் ஒருவர் அவளிடம், "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

"எங்க காகிதம் ஆயுசு முடிஞ்சா, எங்க கண்ணு முன்னால அழியணும். நாங்க நின்னு பாக்கணும். அம்புட்டுத்தான்."

அப்படியே பரிந்துரையில் எழுதினார்கள். எனக்கும் அலுவலருக்கும் மெமோ வந்தது, தண்டனையும் வந்தது. நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினோம். ஆயுள் முடிந்த காகிதத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்து, ஊறப்போட்டு, கூழாக்க வேண்டும். பார்க்க வருகிறவர்களில் இரண்டு பேர் பயனாளிகளாக இருக்க வேண்டும். தண்ணீருக்குத்தான் லாரி சொல்ல வேண்டியிருந்தது, விருதுநகர் இல்லையா. முதல் தடவை பொன்னுத்தாயும் குருவம்மாவும் வந்தார்கள். சாக்கில் வந்த தாள்களோடு, மேசையில் அறைந்த அந்தத் தாளையும் பொன்னுத்தாய் தன் கையாலேயே கிழித்துத் தொட்டியில் போட்டு, ஒரு கம்பை வாங்கிக் கூழாகும்வரை கிண்டினாள். இன்றைக்கும் அந்தத் தொட்டி ஓடுகிறது. அழிப்பு நாளுக்கு வருவதற்குப் பெண்கள் முறை போட்டுக்கொள்கிறார்களாம்.

இதை எழுதுவதற்கு முன் பொன்னுத்தாயிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவள் சம்மதம் இல்லாமல் எழுதினால் நான் திருந்தவே இல்லை என்றாகிவிடும். காலையில் போன் செய்தேன். ஒரே இரைச்சல், பெண்கள் சிரிக்கிற சத்தம்.

"எழுதுங்கக்கா. பேர மட்டும் மாத்திருங்க. ஊர மாத்த வேண்டாம், வேற ஊருன்னா யாரு நம்புவா?"

மேடம் என்று கூப்பிட்டவள் எப்போது அக்காவுக்கு மாறினாள் என்று தெரியவில்லை. சீக்கைப் பற்றி எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எழுதுங்க. இப்பச் சொல்லுறது நான்தான? சரிக்கா, வைக்கட்டா? வேன்ல எடமே இல்ல, இந்தக் குருவம்மா எம் மடியில உக்காந்திருக்கா, காலு மரத்துப்போச்சு!"